பேய்க்குப் பின்னால் நிற்பவர்



காசு கொடுத்து ஏன் நடுங்குகிறோம்? இன்றைய பேச்சின் கேள்வி இதுதான். திரையில் கதவு திறந்தால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் திரையில் தோன்றும் உருவம் நம் இருக்கை வரை வராது என்று அறிவுக்குத் தெரியும். ஆபத்தில்லாத கிளர்ச்சி இன்பமாகிறது என்பது உளவியலார் விடை. சரியான விடைதான், ஆனால் பாதி விடை. ராட்டினத்துக்கும் பேய்க்கதைக்கும் உள்ள வேறுபாட்டை அது சொல்வதில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களை நான்காக வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேயும் புலியும் திருடனும் நிற்கும் வரிசையில் ஆளும் அரசனும் நிற்கிறான். பழைய உரை இன்னொரு நுட்பத்தையும் சொல்கிறது: அஞ்சி ஓடுகிறவனைக் காண்பவருக்கு அச்சம் பிறப்பதில்லை, சிரிப்போ இரக்கமோதான் பிறக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டு கலிங்கத்துப்பரணிக்குப் போவோம். முதற் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடிய செயங்கொண்டார் சுடுகாட்டையும் காளி கோயிலையும் குலைநடுங்கப் பாடுகிறார். ஆனால் அவருடைய பேய்கள் பசியில் ஒட்டி உலர்ந்தவை. இந்திரசாலப் பகுதியில் ஒரு முதுபேய் மாயப் போர்க்களத்தைக் காட்டுகிறது. மற்றவை பாய்ந்து அள்ள, கைக்கு ஒன்றும் கிட்டவில்லை. பிறகு மெய்யான களத்தில் கூழ் அடுகின்றன. நமக்குச் சிரிப்பு வருகிறது. தோற்ற கலிங்க வீரர் தலைமயிரைப் பறித்துச் சமணராக வேடமிட்டுத் தப்புவதும் சிரிப்பாகவே பாடப்படுகிறது. அந்நூலில் உண்மையாகவே அஞ்சத்தக்கவன் சோழன் ஒருவன்தான். கேட்பவர் வென்றவரின் அவையில் அமர்ந்திருப்பதால் அந்த அச்சம் சுவையாகிறது. கலிங்கத்தில் இருந்து கேட்டால்?

நம் சினிமா இருக்கையை மாற்றிப் போட்டது. 'சந்திரமுகி'யில் (2005) ஆவி என்று நாம் அஞ்சும் நடனக்காரி, வேட்டையன் என்னும் அரசனால் உயிரோடு எரிக்கப்பட்டவள். 'காஞ்சனா'வில் (2011) பேயாக வருபவர் நில அபகரிப்பில் கொல்லப்பட்ட திருநங்கை. முதல் பாதியில் அணங்கைக் கண்டு அலறுகிறோம், பின்கதை தெரிந்ததும் இரங்குகிறோம், பழிவாங்கும்போது கைதட்டுகிறோம். நான்காம் களமாகிய இறையை நேரில் எதிர்க்க முடியாதவர்கள் முதற்களமாகிய அணங்கின் பக்கம் சேர்ந்துகொள்கிறோம். ராட்டினத்தில் இல்லாத இன்பம் இதுதான்.

ஆகவே மாணவர்களே, பேய்ப்படத்தை ஆராயும்போது பேய் எவ்வளவு பயமுறுத்தியது என்று மட்டும் அளக்காதீர்கள். அதைப் பேயாக்கியவர் யார், படம் நம்மை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறது என்று கேளுங்கள். திகில் கதையின் தரத்தை அந்த விடைகளைக் கொண்டு மதிப்பிடலாம் என்பது என் கருத்து.