பிள்ளையோடு போன ஒரு வார லீவு

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஓர் இளம் தம்பதியர் பேசிய பேச்சு)



நாங்கள் மேடையில் பேசிப் பழகியவர்கள் அல்ல. ஒருவர் கொழுந்து எடுக்கிறோம், ஒருவர் கவ்வாத்து வெட்டுகிறோம், அவ்வளவுதான். "நீங்க கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வவுனியா போய் வந்த கதைய எல்லாருக்கும் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவும்" என்று பிள்ளை மடுவத்து அம்மா கேட்டதால் வந்து நிற்கிறோம். நல்லதையும் சொல்கிறோம், நாங்கள் செய்த பிழையையும் சொல்கிறோம்.

இது 2024 சித்திரையில் நடந்தது. அப்போது எங்கள் மகளுக்கு எட்டு மாதம்.

லீவு என்றால் நமக்கு என்ன? தீபாவளி, பொங்கல், தேர்த் திருவிழா, கல்யாண வீடு, கருமாதி வீடு. சும்மா குடும்பமாக ஒரு வாரம் இருந்துவிட்டு வருவோம் என்று யாரும் வேலையை நிறுத்துவதில்லை. வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. நாங்களும் கணக்குப் பார்த்தோம். ஒரு வாரம் என்றால் இரண்டு பேருக்குமாகப் பன்னிரண்டு பேர். ஆனால் போன வருசம் வேலை செய்த நாளுக்குத் தக்கபடி சம்பளத்தோடு லீவு சேரும் என்று கேள்விப்பட்டு, கணக்கப்பிள்ளை ஐயாவிடம் போய்க் கேட்டோம். கொஞ்சம் இருந்தது. பஸ் செலவுக்குச் சீட்டுக் காசு இருந்தது. பெரியம்மா வவுனியாப் பக்கம் இருக்கிறார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டுப் போன குடும்பம். "கண்ண மூடுறதுக்குள்ள பேத்திய ஒரு தரம் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் அப்பாயிக்குச் சம்மதம் இல்லை. "ஒரு வயசு ஆகாத பிள்ளைய அந்த வெயிலுக்குள்ள கொண்டு போறதா?" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மாவைக் கேட்டோம். அவர் சொன்னது இதுதான்:

"தாராளமாப் போங்க. தாய்ப்பால் இருக்கிற வரைக்கும் வழியில என்ன குடுக்கிறதுன்னு பயப்பட வேணாம். சூப்பிப் போத்தல் மட்டும் வேணாம். ஜீவனி ரெண்டு பக்கட் வாங்கிக்கிட்டுப் போங்க. கிளினிக் கார்ட மறந்துடாதீங்க. ஒன்பது மாச ஊசிக்குத் திரும்பி வந்துடுங்க."

மூட்டை கட்டும்போது பாருங்கள், எங்களுக்கு எடுத்து வைத்தது ஒரு பை, பிள்ளைக்கு மூன்று பை. கம்பளித் தொப்பி நாலு, சொக்ஸ் ஆறு சோடி, பிளானல் சட்டை, போர்வை. போன இடத்தில் உதவியது எது தெரியுமா? மெல்லிய பருத்திச் சட்டை ஐந்து, பழைய சேலையில் கிழித்த நப்கின் துணி, மூடியுள்ள ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, சவர்க்காரக் கட்டி, கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல், கிளினிக் கார்ட், அந்த ஜீவனி பக்கட். மற்றதெல்லாம் போன மாதிரியே திரும்பி வந்தது.

விடியற்காலை அட்டனில் பஸ் ஏறினோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி. அங்கே வேறு பஸ். பிள்ளைக்கு வழியில் தாய்ப்பால்தான். பஸ்ஸில் பால் கொடுக்க முதலில் வெட்கமாக இருந்தது. பிள்ளையின் அப்பா யன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்து, மறைவாகத் துண்டைப் பிடித்துக்கொண்டார். பின் சீட்டில் இருந்த ஒரு சிங்கள அம்மா தன் விசிறியை நீட்டினார். அதற்குப் பிறகு வெட்கம் போய்விட்டது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலைத் தாண்டும்போது கும்பிட்டுக்கொண்டோம். அந்தப் பாதையைப் பற்றி உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். கைப்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அந்த 200 வருசத்தை நினைத்து 2023இல் நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள் அல்லவா? அந்த நடை மாத்தளைக்கு வந்து சேர்ந்த ஆவணி மாதத்துக்குக் கிட்டத்தான் எங்கள் மகள் பிறந்தாள். தம்புள்ளை, மதவாச்சி என்று பஸ் போகப் போக, அவர்கள் வந்த வழியில் நாங்கள் எதிர்ப்பக்கமாகப் போகிறோம் என்று பேசிக்கொண்டோம். பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரம் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

முதல் பிழை அடுத்த நாளே. நம் மலை 4,000 அடிக்கு மேலே. பிள்ளைக்குத் தொப்பி, சொக்ஸ் இல்லாமல் நாம் வெளியே விடுவதில்லை. வவுனியா சமதரை, சித்திரை வெயில். நாங்கள் பழக்கத்தில் தொப்பியும் சொக்ஸும் போட்டுவிட்டோம். பத்து மணிக்கெல்லாம் பிள்ளை சிணுங்கத் தொடங்கினாள். கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. பெரியம்மா வந்து எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். "இது என்ன நுவரெலியாவா?" என்று கேட்டார். ஒரே ஒரு பருத்திச் சட்டை. காலையும் மாலையும் உடம்பைத் தண்ணீர்த் துணியால் துடைத்துவிட்டோம். பத்து மணிக்குப் பிறகு நாலு மணி வரை வேப்ப மர நிழலை விட்டு வெளியே போகவில்லை. தாகம் எடுக்கும் என்று தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தோம். இரண்டு நாளில் வேர்க்குரு அடங்கியது.

இந்த இடத்தில் ஒரு நல்ல சங்கதி சொல்ல வேண்டும். தோட்டத்தில் வேலைக்குப் போகும்போது, மலையிலிருந்து ஓடி வந்து பிள்ளை மடுவத்தில் பால் கொடுத்துவிட்டு ஓடுகிறோம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை உண்டு என்று சட்டமே சொல்கிறது. அப்படி இருந்தும் எங்கள் பிள்ளைக்குப் பால் குறைந்துகொண்டே வந்தது. "பால் வத்திப் போச்சு, மா டின் வாங்குவோமா?" என்று யோசித்துக்கொண்டிருந்தோம். வவுனியாவில் பிள்ளை கேட்ட நேரமெல்லாம் குடித்தாள். மூன்றாம் நாளே பால் பெருகி வந்தது. பால் வற்றவில்லை, பிள்ளை குடிப்பதுதான் குறைந்திருந்தது. குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும்.

பிள்ளையின் அப்பாவுக்கும் அந்த வாரம் புதிது. தோட்டத்தில் அவர் வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கிவிடும். வவுனியாவில் காலையில் தூக்கிக்கொண்டு போய் மாடு காட்டினார், மயில் காட்டினார், குளக்கட்டில் நடந்தார். நப்கின் கழுவினார். பெரியம்மா வீட்டு ஆம்பிளைகள் சிரித்தார்கள். அவர் கழுவிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் பிள்ளை அவரைப் பார்த்துக் கை நீட்டினாள். அதுவரை அவள் அப்படி நீட்டியதில்லை.

இனி எங்கள் பெரிய பிழை. வருசப் பிறப்பன்று மாலை கோவிலுக்குப் போனோம். வாசலில் ஐஸ் போட்ட சர்பத் விற்றார்கள். வெயிலுக்குப் பிள்ளையும் ஆசைப்படுகிறாளே என்று நாங்களேதான் நாலைந்து கரண்டி கொடுத்தோம். அவள் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யோசிக்கவில்லை.

மறுநாள் மாலை வயிற்றோட்டம். இருட்டுவதற்குள் ஆறு தடவை. தண்ணீர் மாதிரிப் போனது. ஒரு தடவை வாந்தி. பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். "பால நிப்பாட்டு. தண்ணி காட்டாத. உள்ள போறது எல்லாம் வெளிய போகும், வயிறு காயட்டும்" என்றார்கள். நாங்கள் மருத்துவிச்சி அம்மா சொன்னதைச் சொன்னோம். யாரும் கேட்பதாக இல்லை. எங்களுக்கும் கை கால் ஓடவில்லை. வயதில் பெரியவர்கள் இத்தனை பேர் சொல்லும்போது, நாம் சின்னவர்கள் எப்படி எதிர்த்து நிற்பது?

அப்போது பெரியம்மா பேசினார். அதுவரை சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எழுபத்தேழுல லொறியில வந்து இறங்கினப்ப எனக்கு ரெண்டு வயசுப் பையன் இருந்தான். காம்புல வயித்தால போச்சு. தண்ணி குடுக்காதன்னு எல்லாரும் சொன்னாங்க. அவன் தண்ணி தண்ணின்னு கேட்டான். நான் குடுக்கல. மறுநாள் விடியல்ல போயிட்டான்."

எங்களுக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்தது அன்றுதான் தெரியும். வேறு யாரும் ஒன்றும் பேசவில்லை. பெரியம்மா எழுந்து போய் அடுப்பை மூட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.

நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறோம், கவனமாகக் கேளுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். கொதித்தாறிய தண்ணீரை ஒரு லீற்றர் போத்தலால் சரியாக அளந்து, ஒரு பக்கட் ஜீவனியை முழுவதும் கொட்டிக் கரைத்தோம். பாதிப் பக்கட் போடக் கூடாது, தண்ணீரைக் குறைக்கவும் கூடாது, சீனியோ பாலோ சேர்க்கக் கூடாது. தண்ணீர் ஆறும் வரைக்கும் தாய்ப்பால் கொடுத்தோம். பிறகு கரண்டி கரண்டியாக, ஒரு நிமிசத்துக்கு ஒரு கரண்டி. ஒவ்வொரு தடவை போன பிறகும் கால் கோப்பையிலிருந்து அரைக் கோப்பை வரை. வாந்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். கரைத்தது 24 மணித்தியாலத்துக்குத்தான். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். நடுநடுவே தாய்ப்பாலும் நிற்கவில்லை.

அன்றிரவு மூன்று பேரும் முறை போட்டுக் கரண்டி பிடித்தோம். பெரியம்மா தன் முறை முடிந்தும் கரண்டியைத் தரவில்லை. விடியற்காலை பிள்ளை மூத்திரம் பெய்தாள். நப்கின் நனைந்ததைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட்ட வீடு வேறு இருக்காது.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டொக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். "சரியாச் செஞ்சிருக்கீங்க. அப்படியே குடுங்க. சோத்தையும் நிப்பாட்ட வேணாம்" என்று சொல்லி, நாள் தவறாமல் கொடுக்கச் சிங்க் மருந்தும் தந்தார். குழையப் பிசைந்த பருப்புச் சோறும் வாழைப்பழமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். மூன்றாம் நாள் பிள்ளை பழையபடி சிரித்தாள்.

எப்போது இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் டொக்டரைக் கேட்டுக்கொண்டோம். கண் குழி விழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், உச்சிக்குழி உள்ளே போனால், மூத்திரம் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், பால் குடிக்க மறுத்தால், எது கொடுத்தாலும் வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், காய்ச்சல் கடுமையாக அடித்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. போகும் வழியிலும் கரண்டியை நிறுத்தக் கூடாது.

வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது, உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போவதுதான். போவதைத் திரும்ப உள்ளே கொடுத்தால் பிள்ளை பிழைக்கும். மன்னார்ப் பாதையில் விழுந்த நம் முன்னோருக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. காம்பில் இருந்த பெரியம்மாவுக்கும் சொல்ல ஆள் இல்லை. நமக்குச் சொல்ல மருத்துவிச்சி இருக்கிறார், கிளினிக் இருக்கிறது. தெரிந்த பிறகும் பிள்ளைக்குத் தண்ணீரை மறுத்தால் அது நம் பிழை.

புறப்படும் நாள் பெரியம்மா பிள்ளைக்கு ஒரு வெள்ளிக் காப்புப் போட்டார். யாருக்கு வாங்கிய காப்பு என்று நாங்கள் கேட்கவில்லை. பஸ் கினிகத்தேனை ஏறும்போது குளிர் காற்று அடித்தது. அப்போதுதான் கம்பளித் தொப்பிக்கு வேலை வந்தது. அப்பாயி லயத்து வாசலில் நின்றார். பிள்ளையைத் தூக்கி எடை பார்ப்பது போல ஆட்டிப் பார்த்துவிட்டு, "கறுத்துப் போச்சு" என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதம் ஒன்பது மாத ஊசியும் போட்டாயிற்று.

கடைசியாக உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறோம். ஒன்று, உங்கள் லீவு நாள் எத்தனை இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருசத்தில் நாலு நாளாவது பிள்ளையோடு சேர்ந்து இருங்கள். தூரம் போக வேண்டும் என்பதில்லை, லயத்து வாசலில் இருந்தாலும் போதும். இரண்டு, தகப்பன்மாரே, நப்கின் கழுவினால் கை தேயாது. மூன்று, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அலுமாரியில் ஜீவனி பக்கட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே இரண்டு வாங்கி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை இப்போதே, பிள்ளை சுகமாக இருக்கும்போதே சொல்லி வையுங்கள். நோய் வந்த இரவில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.