பழைய வீட்டுக்குப் புதுக் குடி

(மீளக்குடியமரும் குடும்பங்களுடனான கூட்டம் ஒன்றில் எமது கட்டுமானப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஒலிபெருக்கி சரியாக வேலை செய்யவில்லை. பின்னுக்கு இருக்கிறவர்கள் கொஞ்சம் முன்னுக்கு வாருங்கள்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதம் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு இங்கே கூடுதலாக இருக்கிறீர்கள். அன்று நீங்கள் கைக்குழந்தைகள். சிலர் பிறக்கவே இல்லை. வீட்டு உறுதி இப்போது உங்கள் பெயரில் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளாவது படுத்தெழும்பியதில்லை. எங்கே வெள்ளம் நிற்கும், எந்தப் பக்கத்தால் சாரல் அடிக்கும் என்று சொல்லித்தர அம்மா அப்பாவும் பலருக்கு இல்லை. வீடு பழையது, வீட்டுக்காரர் புதியவர். அதை மனதில் வைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் மேசன் வேலை பழகியவன். இடம்பெயர்ந்திருந்த காலம் முழுவதும் ஊரூராக மற்றவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன். என் மனைவியின் சீதன வீடு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தபோது கூரை இல்லை, கதவு யன்னல் இல்லை, நிலைகளையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். குசினிச் சுவரில் ஒரு அரசமரம் தொடைப் பருமனில் நின்றது. எனக்குத் தெரியாத வேலையா என்று நினைத்தேன். அயலவர் நாலு பேரைக் கூட்டிவந்து, கயிறு கட்டி இழுத்தோம். மரம் வந்தது. அதோடு குசினிச் சுவரும் வந்தது. பக்கத்து அறை வாசலின் மேற்படியும் இறங்கியது. அதற்குக் கீழே நின்ற என் மகன் தண்ணீர் குடிக்கவென்று அப்போதுதான் கிணற்றடிக்குப் போயிருந்தான்.

என் மாமியார் கனக்கப் பேசுகிறவர் அல்ல. "இருபத்தைஞ்சு வருசம் நிண்ட சுவர். இன்னும் ரெண்டு மாசம் நிண்டிருக்கும் தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட எனக்குப் போன காசில் ஒரு அறைக்கு ஓடு போட்டிருக்கலாம்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு அறையை மட்டும் திருத்தி அதில் இருங்கள். அந்த வீட்டில் ஒரு மாரியைக் கண்ட பிறகு மிச்சத்தைத் தீர்மானியுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வீடு தன் நோயை எல்லாம் காட்டும். வெயில் காலத்தில் பார்த்துப் போடுகிற மதிப்பீடு பாதிதான் சரிவரும்.

அந்த ஒரு அறைக்குப் போவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, மிதிவெடி. காணி விடுவிக்கப்பட்டது என்றால் காணி முழுவதும் துப்புரவு என்று நினைக்க வேண்டாம். சிவப்புத் தடி, மண்டையோட்டுப் பலகை எதுவாக இருந்தாலும் அதற்கு அங்கால் போகக் கூடாது. பற்றைக்குள்ளும், இடிந்த கல் குவியலுக்குள்ளும், பாழ் கிணற்றுக்குள்ளும் வெடிபொருள் கிடக்கலாம். துருப்பிடித்த இரும்பு எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது, பழைய இரும்புக்காரருக்கு விற்கவென்று நீங்களும் தொடக் கூடாது. இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. குப்பையைக் கூட்டி நெருப்பு வைக்கிற பழக்கத்தையும் இந்தக் காணிகளில் விட்டுவிடுங்கள். நிலத்துக்குள் என்ன கிடக்கிறது என்று நெருப்புக்குத் தெரியாது.

மற்றது காகிதம். உறுதி துலைந்திருந்தால், பழைய உறுதி இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ, பேரன் பூட்டன் பெயரோ எது தெரிந்தாலும் எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால் தேடிப் பிரதி எடுக்கலாம். பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகம். இதைவிடப் பெரிய சிக்கல் பிரிபடாத பங்கு. உறுதியில் நாலு சகோதரங்களின் பெயர் இருக்கும், ஒருவர் கனடாவில், ஒருவர் இலண்டனில். "அண்ணை ஒண்டும் சொல்ல மாட்டார்" என்று சொல்லி ஆறு இலட்சம் செலவழித்தவர்கள் பிறகு கோட்டுக்கு அலைவதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? காசு போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் அனுப்பட்டும்.

இனி வீடு.

கூரை இல்லாத வீட்டில் முதலில் பழுதாவது சுவரின் தலை. எங்கள் பக்கத்துப் பழைய கல்வீடுகள் கூடுதலாகச் சுண்ணக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. சிலவற்றில் வெளியில்தான் சுண்ணாம்பு, உள்ளே களிமண் சாந்து. மேலால் இறங்கும் மழை அந்தச் சாந்தைக் கரைத்துக்கொண்டு போகும், கல்லுகள் சும்மா அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். ஆகவே நாங்கள் தருகிற தறப்பாளை நிலத்தில் விரிக்க முதல், சுவரின் தலையை மூடுங்கள். மேலே கல் வைத்துக் கட்டுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு மாரிக்கு வீட்டைக் காப்பாற்றும்.

சுவரில் நிற்கும் ஆல், அரசு, எதையும் இழுக்காதீர்கள். சுவர் மட்டத்துக்கு வெட்டிவிட்டு, தளிர் வரவர முறித்துக்கொண்டிருங்கள். வேர் செத்துக் காய்ந்த பிறகு, ஒரு மேசனைக் கொண்டு மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, வேரை நீக்கி, அதே கல்லைத் திரும்ப வைக்க வேண்டும். வேருக்கு உப்புப் போடச் சொல்லுவார்கள். உப்புச் சுவருக்குள் போனால் அது வேறு வியாதி.

வெடிப்பைக் கண்டவுடன் வீட்டை இடிக்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. பூச்சில் மட்டும் ஓடுகிற மயிர் வெடிப்புக்கு ஒன்றும் இல்லை. விரல் போகிற வெடிப்பென்றால், அதற்குக் குறுக்காக ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சீமெந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் திகதி எழுதுங்கள். மாரி முடிய கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய வெடிப்பு, அடைக்கலாம். உடைந்திருந்தால் அத்திவாரம் இன்னும் அசைகிறது, எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். தூக்குக் குண்டு விட்டுப் பார்க்கச் சுவர் வெளித்தள்ளி நின்றால் அதற்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள். செல் விழுந்த வீட்டில் ஓட்டை விழுந்த சுவரை மட்டும் பார்க்காமல் எதிர்ச் சுவரையும் மேற்படிகளையும் பாருங்கள். முற்றத்தில் பங்கர் வெட்டி மூடியிருந்தால் அந்த மண் இன்னும் இறுகவில்லை. அதன்மேல் தூண் நாட்டக் கூடாது.

இப்போது நான் அடிக்கடி சண்டை பிடிக்கிற விடயத்துக்கு வருகிறேன். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு. பூசிய அன்று வடிவாகத்தான் இருக்கும். சுண்ணாம்புச் சுவருக்குள் போகும் ஈரம் அதன் முகத்தால் மெல்லமெல்ல வெளியேறும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே நின்று, உப்பைக் கொண்டுவந்து, இரண்டு மூன்று வருடத்தில் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும், போகும்போது பழைய கல்லின் முகத்தையும் கொண்டு போகும். கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் இது இன்னும் கெதியாக நடக்கும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, இதுதான் அந்தச் சுவருக்கு ஏற்ற சாந்து. கடல் மணல் கூடாது. சுண்ணாம்பைப் பழக்கமானவரைக் கொண்டு நீற்றுங்கள், கண்ணில் பட்டால் கண் போகும். "இப்ப ஆர் சுண்ணாம்பு பூசுறது?" என்று இளம் மேசன்மார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கூரைக்குப் பனைமரம். பழைய சிலாகை கிடைத்தால் எறியாதீர்கள். வைரம் பாய்ந்த பனை ஐம்பது வருடம் கழித்தும் நிற்கும். கத்தி நுனியால் குத்திப் பாருங்கள், விசேடமாகச் சுவருக்குள் இருந்த நுனியை. முதலில் உக்குவது அதுதான். ஓடு விடயத்தில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. பழைய ஓட்டின் அளவும் இன்றைய ஓட்டின் அளவும் ஒன்றல்ல, ஒரே சரிவில் கலந்து போட்டால் பொருந்தாது, ஒழுகும். இரண்டு சரிவிலும் கிடக்கும் பழைய ஓட்டைச் சேர்த்து ஒரு சரிவை முடியுங்கள். மற்றச் சரிவுக்குப் புதிது வாங்குங்கள். யாராவது விட்டுப்போன அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் உடைக்க வேண்டாம், அறுக்க வேண்டாம். நனைத்துவிட்டு முழுதாக இறக்குங்கள், அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

கிணறு. பாழ் கிணற்றுக்குள் யாரும் சும்மா இறங்கக் கூடாது. விளக்கை இறக்கிப் பார்ப்பது எங்கள் ஆட்களின் பழக்கம், நல்ல பழக்கம். விளக்கு அணைந்தால் காற்றில்லை. அணையாவிட்டாலும் இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் இல்லாமல் இறங்க வேண்டாம். உள்ளே வெடிபொருள் இல்லை என்று உறுதியான பிறகுதான் இறைப்பு. இறைக்கும்போதும் பெரிய மெசினை வைத்து ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். எங்கள் நிலத்தடி நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது, கடுமையாக இழுத்தால் கீழே இருக்கிற உவர் ஏறிவிடும். பிறகு குளோரின் போட வேண்டும். 10 அடி அகலக் கிணற்றில் 6 அடி தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 13,000 லீற்றர். உங்கள் கிணற்றின் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போனால், எவ்வளவு போட வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கணக்குப் பார்த்துத் தருவார். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையக் கூடாது. சுண்ணக்கல் வெடிப்புகளால் அழுக்கு ஓடிப்போகும், ஆகவே காணி இடம் கொடுத்தால் இன்னும் தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் பாருங்கள், அவர்களும் இனித்தான் வரப்போகிறார்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. சுவருக்குள் மிஞ்சியிருக்கும் பழைய வயரை நம்ப வேண்டாம். முழுவதையும் புதிதாக இழுங்கள்.

காசு. இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். அதில் வேலை முடித்தவர்களும் உண்டு, கடன்பட்டவர்களும் உண்டு. கடன்பட்டவர்களில் நான் கண்டவர்கள் பெரும்பாலும் வரைபடத்துக்கு மேலால் ஒரு அறை கூட்டியவர்கள், அல்லது முன் விறாந்தைக்கு மாபிள் பதித்தவர்கள். நகையை அடகு வைத்துத் தீராந்தி ஏற்றிய வீடுகள் இன்னும் கூரையில்லாமல் நிற்கின்றன. எங்கள் உதவியும் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த காசு. ஆகவே ஒரே நேரத்தில் மூன்று வேலை தொடங்க வேண்டாம். மேசனுக்குக் கொடுக்கும் முற்பணத்தைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் சொந்தக்காரராக இருந்தால் கட்டாயம் வாங்குங்கள்.

ஒரு தங்கச்சி காலையில் என்னிடம் கேட்டார், "அண்ணா, பழசை இடிச்சுப்போட்டு இந்தத் திட்டத்து வீட்டைக் கட்டினால் என்ன?" என்று. சுவர் நேராக நின்று, அத்திவாரம் அசையாவிட்டால் இடிக்காதீர்கள் என்பதுதான் என் பதில். இடித்துக் கல் அள்ளும் கூலியே ஒரு தொகை வரும். அந்தச் சுவர் ஒன்றரை அடி தடிப்பு, வெயிலுக்குக் குளிர்ச்சி. புளொக் கல்லில் உங்களுக்கு அது கிடைக்காது. ஆனால் வெளித்தள்ளி நிற்கிற சுவரை அப்பா கட்டியது என்பதற்காக வைத்திருக்கவும் வேண்டாம். அப்படியான இரண்டு வீடுகளை இறக்கச் சொல்லி நானே எழுதியிருக்கிறேன். அந்த வீட்டு அம்மா ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

இனி உங்கள் கேள்விகள். உறுதி, பெர்மிட் பிரச்சினை உள்ளவர்கள் யன்னல் பக்கத்து மேசைக்குப் போங்கள், சட்ட உதவிக்காரர் இருக்கிறார். வீட்டின் படம் போனில் எடுத்து வந்தவர்கள் என்னிடம் வாருங்கள். சுவர், கூரை, கிணறு மூன்றும் தெரிகிற மாதிரிப் படம் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் கிராம அலுவலர் பிரிவையும் பெயரையும் எழுதித் தந்துவிட்டுப் போங்கள், வரும் கிழமை நான் நேரில் வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் மரத்தில் கயிறு கட்ட வேண்டாம்.