வால் விளக்கு முதலில்



மாடல் ரயில் ஓட்டுகிறவர்களோடு இன்று கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. எச்.ஓ. அளவு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம், 12 வோல்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக என் மனக்குறைக்கு வருகிறேன்.

சமீபத்தில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். நம் ஊர் நீலப் பெட்டிகள், முன்னால் ஒரு டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின். வேலைப்பாடு பிரமாதம். ஆனால் பெட்டிக்குப் பெட்டி கூரை முழுக்க வெள்ளை எல்.இ.டி. பட்டை ஒட்டியிருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் கல்யாண மண்டபத்துக்குச் சக்கரம் கட்டி விட்டது போல ஒரு ஜொலிப்பு. கூட்டம் கை தட்டியது. எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

ஏன் என்று கேட்டால், அது ரயில் வெளிச்சமே இல்லை. அந்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின் இந்தியாவுக்கு வந்தது 1962-ல். வெள்ளை எல்.இ.டி. சந்தைக்கு வந்ததே 1996-ல். அறுபதுகளின் எஞ்சின் இழுக்கும் வண்டியில் நீலம் பாய்ந்த வெள்ளை ஒளி எப்படி வரும்? அன்றைய பெட்டிகளுக்குள் எரிந்தது மஞ்சள் குண்டு பல்பு, பிறகு டியூப் லைட். தூங்கும் நேரத்தில் அதையும் அணைத்துவிட்டு ஒரு நீல பல்பு. நீல ஒளிக்கு ரயிலில் இடம் அங்கேதான்.

நான் சொல்ல வந்தது இரண்டே சொல். குறையுங்கள். மறையுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், விளக்கை மறையுங்கள்.

முதலில் குறைப்பது. கடைக்காரர் எல்.இ.டி.யோடு ஒரு 1 கே ரெசிஸ்டரைத் தருவார். 12 வோல்ட்டில் அது சுமார் 9 மில்லி ஆம்பியர் விடும். மேஜை விளக்குக்கு அது சரி. மாடலுக்கு மிக அதிகம். 10 கே போட்டுப் பாருங்கள். ஒரு மில்லி ஆம்பியர்கூட ஓடாது, ஆனாலும் இருட்டில் தாராளமாகத் தெரியும். வாங்கும்போதே வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருப்பது பளீர் வெள்ளை என்றால், கண்ணாடி ஓவியத்துக்கு விற்கிற ஆரஞ்சுப் பெயிண்ட்டை ஒரு பூச்சு பூசுங்கள்.

அடுத்தது மறைப்பது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் விளக்கு வைத்தால் ஜன்னல் மட்டுமா ஒளிரும்? சுவரே ஒளிரும். கூரை இடுக்கில் கோடாக வழியும். பெட்டியைக் கழற்றி உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். அது காய்ந்த பிறகு, அதன்மேல் வெள்ளை. கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை உள்ளே பரப்பும். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை. இதைச் செய்ய அரை நாள் ஆகும் என்பதால்தான் பலரும் செய்வதில்லை.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். வால் விளக்கு. கடைசிப் பெட்டியின் பின்புறம் சிமிட்டுகிற அந்தச் சிவப்பு விளக்கு. மற்ற விளக்கெல்லாம் இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வேன், வால் விளக்கு இல்லாத ரயிலை இரவில் பார்க்கவே மாட்டேன்.

அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. பகலில் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகை, இரவில் சிவப்பு விளக்கு. இதுதான் கடைசிப் பெட்டி என்பதற்கு அடையாளம். ஸ்டேஷனில் அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது, வழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று உறுதி. அதன் பிறகுதான் பின்னால் வரும் வண்டிக்கு வழி. இப்போது பல இடங்களில் சக்கர அச்சுகளை எண்ணும் கருவி அந்த வேலையைச் செய்கிறது. கார்டு என்ற பதவிப் பெயரும் 2022-ல் டிரெயின் மேனேஜர் ஆகிவிட்டது. விளக்கு மட்டும் இன்னும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். அறை விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓட்டினேன். எஞ்சின் போனது, பெட்டிகள் போயின, அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கடைசிப் பெட்டி வந்ததும் குனிந்து பார்த்து, “வண்டி முழுசா வந்தாச்சு சார்” என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றில்லை.

எப்படிச் செய்வது? தானாகச் சிமிட்டும் சிவப்பு எல்.இ.டி. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், 3 மில்லிமீட்டர். அதை அப்படியே பெட்டியின் பின்னால் ஒட்டிவிடாதீர்கள். எச்.ஓ. மாடலைவிட நிஜம் 87 மடங்கு பெரியது. 3 மில்லிமீட்டரை 87-ஆல் பெருக்குங்கள்: 26 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய விளக்கை எந்த கார்டு தூக்கி மாட்டுவார்? விளக்கை உள்ளே வையுங்கள், ஒளியை மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். பொருட்காட்சியில் பிளாஸ்டிக் இழைகள் விரிந்து நுனியில் மினுக்கும் அலங்கார விளக்கு விற்பார்களே, அந்த இழை ஒன்று போதும். அதன் ஒரு நுனியை ஊதுபத்தியின் கங்குக்கு அருகே காட்டுங்கள். தொடக்கூடாது, அருகே காட்டினால் போதும். நுனி இளகி உருண்டு, தடித்து, லென்ஸாகிவிடும். பெட்டியின் பின்சுவரில் துளை போட்டு வெளிப்பக்கமிருந்து செருகுங்கள், உருண்டை வெளியே நிற்கும். மறு நுனியை எல்.இ.டி.யோடு ஒரு கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயில் சேர்த்துவிடுங்கள்.

மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காதீர்கள். அழுக்குப் பட்டால் மினுங்கும், வண்டி நின்றால் அணையும். கடைசியில் கார்டும் லக்கேஜும் போகிற எஸ்.எல்.ஆர். பெட்டிதானே? அதன் லக்கேஜ் அறைக்கு ஷட்டர் உண்டு, உள்ளே இருப்பது தெரியாது. மூன்று எல்.ஆர்.44 பொத்தான் செல், ஒரு 330 ஓம் ரெசிஸ்டர், அடியில் ஒரு சின்ன சுவிட்ச். கார்டு கையோடு கொண்டுவந்து மாட்டுகிற நிஜ விளக்கும் தன் சொந்த பாட்டரியில்தான் எரிகிறது. ஆக, இது குறுக்கு வழி இல்லை, இதுதான் முறை.

டிஜிட்டல் கட்டுப்பாடு இருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நின்றாலும் விளக்கு எரியும், பட்டனைத் தொட்டால் ஒளி மெல்ல மங்கும். உண்மைதான். ஆனால் பட்டன் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிடுகிறார்களே, அதற்கு என்ன சொல்ல? ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001-ல் திறந்த மாடல் ரயில் காட்சியகமான மினியேச்சர் வுண்டர்லாண்டில் விளக்குகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அங்கேயும் சிறிது நேரத்துக்கு ஒருமுறை அறையை இருட்டாக்கி இரவை வரவழைத்த பிறகுதான் அவற்றின் அழகு தெரிகிறது.

மறுபடியும் சொல்கிறேன். குறையுங்கள், மறையுங்கள். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை. இந்த வாரம் ஒரே ஒரு விளக்குக்குத்தான் நேரம் என்றால், எஞ்சினை விட்டுவிடுங்கள், வாலிலிருந்து ஆரம்பியுங்கள்.