ஒயின் விலையைக் கேட்கக் கூச்சம் எதற்கு?

குடிக்கலாமா கூடாதா என்பது வேறு விவாதம். நான் பேச வந்தது, அலுவலக நண்பர்களை விருந்துக்கு அழைத்துப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி. ஒயின் பட்டியல் கைக்கு வந்ததும், விலையைப் பார்த்தால் கஞ்சன் என்பார்களோ என்று பயந்து, வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ரசீது வரும்போது முகம் மாறுகிறது.

ஆக மலிவானதை எடுத்தால் லாபம் என்றும் நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் மதுத் தீர்வை விலையைப் பொறுத்ததன்று. ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லிலிட்டர் போத்தலுக்கு ஏறக்குறைய எட்டரை வெள்ளி. மட்டமான ஒயினுக்கும் அதே எட்டரை, உயர்ந்ததற்கும் அதே எட்டரை! மலிவான போத்தலில்தான் தீர்வையின் பங்கு அதிகம், சரக்கின் பங்கு குறைவு.

போர்தோ, பர்கண்டி என்றால் பெயருக்கே ஒரு விலை உண்டு. அர்ஜென்டினாவின் மால்பெக், சிலியின் கார்மெனேர் இரண்டும் பிரான்சிலிருந்து போன திராட்சைகள்தாம். விலை பெரும்பாலும் கைக்கு அடக்கம். ஆட்டிறைச்சிக்கு மால்பெக் அருமையான துணை.

பரிமாறுபவரிடம் பட்டியலில் 70 வெள்ளி என்ற இடத்தில் விரலை வைத்து, "இதைப்போல ஒரு சிவப்பு ஒயின் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விருந்தினர் காதில் விலை விழாது, அவருக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்து அந்த 70 ஏறக்குறைய 84 ஆகிவிடும்.

ஒரு போத்தலில் ஐந்து கிண்ணம் வரும். இருவர் மட்டும் என்றால் கிண்ணக் கணக்கில் வாங்கினால் போதும். கார் ஓட்டப் போகிறவருக்கு அதுவும் வேண்டாம்.