மண் சுமக்கச் சீமைக்குப் போவதா?

(மேல்படிப்புக்காக ஐரோப்பாவுக்குச் செல்லும் மாணவத் தோழர் ஒருவருக்கு நடத்தப்பட்ட வழியனுப்புக் கூட்டத்தில் பேசியது)



நமது மாணவத் தோழர் வெளிநாடு செல்வதை முன்னிட்டு நாம் இங்கு கூடியிருக்கிறோம். நமக்கு முன் பேசியவர்கள் அவருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி வேண்டிய அளவு புகழ்ந்துவிட்டார்கள். நாமும் அதையே திருப்பிச் சொல்வதில் பிரயோஜனமில்லை. ஆனால் கூட்டம் துவங்குமுன் அவருடைய தாயார் அவர்கள் நம்மை ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லுவதே இன்று நமது பேச்சாகும்.

விஷயம் என்னவென்றால், நமது தோழர் விடுமுறைக் காலத்தில் வெறுமனே ஊர் சுற்றிப் பார்க்காமல், பல தேசத்து வாலிபர்கள் ஒன்றுகூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்யும் தொண்டர் முகாம் ஒன்றில் சேர்ந்து, மண் வெட்டுவது, கல் எடுப்பது முதலிய வேலைகளைச் செய்யப் போகிறாராம். இதைக் கேட்ட தாயார், "ஐயா, ஏரி வேலையில் நான் மண் சுமந்து இவனைப் படிக்க வைத்தேன். இவன் மண் சுமக்கக் கூடாது என்றுதானே படிக்க வைத்தேன்! இவன் ஆகாயக் கப்பலேறிப் போய் அங்கேயும் மண்தான் சுமப்பேன் என்கிறானே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார்கள்.

தோழர்களே! இதைப் பட்டிக்காட்டுக் கேள்வி என்று யாரும் சிரிக்க வேண்டாம். இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூடை தூக்கியவர்கள் கேட்கக்கூடிய மிக நியாயமான கேள்வி இது. கூடையே தூக்காதவர்கள் உழைப்பின் பெருமையைப் பற்றி உபதேசம் செய்யும்போது, தூக்கினவர்களுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

முதலாவதாக, கடல் கடக்கும் சங்கதியைச் சற்று பார்ப்போம். 1888ம் ஆண்டில் தோழர் காந்தியார் சீமைக்குப் படிக்கப் புறப்பட்டபோது, அவருடைய ஜாதியார் பம்பாயில் கூட்டம் போட்டு அவரை ஜாதியைவிட்டுத் தள்ளினார்கள். அவரை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்றும் கட்டளையிட்டார்கள். 1891ல் திரும்பி வந்தவர் நாசிக்கில் ஆற்றில் முழுகிவிட்டு, ராஜ்கோட்டில் ஜாதியாருக்குச் சாப்பாடும் போட வேண்டியதாயிற்று. ஆற்றில் ஒரு முழுக்கும் ஒரு வேளைச் சாப்பாடும் போக்கிவிடக்கூடிய தோஷம் எப்பேர்ப்பட்ட தோஷம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இன்று சாஸ்திரம் பேசுகிறவர்களின் பிள்ளைகளே அமெரிக்காவில் குடியிருக்கிறார்கள். சாஸ்திரம் திருத்தப்பட்டதா? இல்லை. கடலுக்கு அப்பால் பணமும் பதவியும் இருப்பது தெரிந்தவுடன் தோஷம் ஓடிவிட்டது. அவ்வளவுதான்.

ஆகவே கடல் இன்று தடையல்ல. போனவன் என்னவாகத் திரும்புகிறான், திரும்பி வந்தவனை இந்த நாடு என்னவாக வைக்கிறது என்பதுதான் கேள்வி. தோழர் அம்பேத்கர் அவர்கள் 1913ல் பரோடா சமஸ்தானத்தின் உதவியால் அமெரிக்காவுக்குப் போய்க் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்தார். பிறகு லண்டனிலும் படித்தார். அங்கிருந்த காலத்தில் தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே தமக்கு மறந்துபோய்விட்டதாகப் பின்னால் எழுதியிருக்கிறார். 1917ல் பரோடாவுக்கு உத்தியோகத்துக்கு வந்தார். தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தம்மை இன்னாரென்று வெளியிடாமல் தங்கியிருக்க, அது தெரிந்து தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றிவிட்டது. உலகத்தின் பெரிய பள்ளிக்கூடங்களெல்லாம் கொடுத்த பட்டங்கள் ஒரு இராத்திரி தங்க ஒரு திண்ணையை வாங்கிக் கொடுக்கவில்லை! வெளிநாட்டில் மனிதனாக இருந்தவனை உள்நாடு மறுபடியும் ஜாதியாக்கிற்று.

நிற்க. இனி மண் சுமக்கும் சங்கதிக்கு வருவோம். இதற்கு வெளிநாட்டு மாணவர் ஒருவருடைய கதையைச் சொல்லுகிறோம்.

1941 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் யுகோஸ்லாவியா என்ற தேசம் சின்னாபின்னமாயிற்று. ஏறக்குறைய 10 லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். பாலங்களும் ரயில் பாதைகளும் நாசமாயின. அந்நியப் படைகள் கொன்றது ஒருபுறமிருக்க, அந்தத் தேசத்தாரே ஒருவரையொருவர் கொன்றுகொண்டார்கள். அதில் போஸ்னியா என்ற பகுதியில் செர்பியர், குரோவாசியர், முஸ்லிம்கள் என்று மூன்று கூட்டத்தார் உண்டு. மூவருக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒருவருக்குப் பழைய கிழக்குக் கிறிஸ்தவ மதம், ஒருவருக்குப் போப்பாண்டவருடைய கத்தோலிக்க மதம், ஒருவருக்கு இஸ்லாம். பாஷை சேர்த்து வைத்ததை மதம் பிரித்து வைத்தது.

யுத்தம் முடிந்ததும் தேசத்தைக் கட்ட வேண்டியிருந்தது. யந்திரங்கள் போதவில்லை. ஆகவே அந்தச் சர்க்கார் வாலிபர்களைக் கூப்பிட்டது. 1946ல் பர்ச்கோ முதல் பனோவிச்சி வரை சுமார் 90 கிலோமீட்டர் ரயில் பாதையை வாலிபர்களே போட்டார்கள். 1947 ஏப்ரல் முதல் நவம்பருக்குள் ஷாமாட்ஸ் முதல் சரயேவோ வரை சுமார் 240 கிலோமீட்டர் பாதையைப் போட்டார்கள். இதில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட வாலிபர்கள் முறைவைத்து வந்து வேலை செய்தார்கள். பெரும்பாலும் கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி ஆகியவையே அவர்களுக்கு ஆயுதம். பல தேசங்களிலிருந்து மாணவர்களும் தொழிலாளிகளுமாகச் சில ஆயிரம் பேர் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

அப்படி இங்கிலாந்திலிருந்து போன படைக்குத் தலைவராக இருந்தவர் இ. பி. தாம்சன் என்ற 23 வயது வாலிபர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் படித்தவர். யுத்தத்தில் இத்தாலியில் டாங்கிப் படையில் அதிகாரியாயிருந்தவர். இவருடைய தகப்பனார் நமது வங்காளத்தில் பாங்குரா என்ற ஊரில் கல்லூரி ஆசிரியராக இருந்து, தாகூரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். இவருடைய தமையனார் பிராங்க் தாம்சன், பல்கேரியாவில் பாசிஸ்டு சர்க்காரை எதிர்த்துப் போராடியவர்களுக்கு உதவப் போய், 1944ல் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, மேல்நாட்டின் மிகப் பெரிய சர்வகலாசாலைகளில் ஒன்றில் படித்துவிட்டு, மலைச்சரிவில் நின்று மண் வெட்டினார். மறுவருஷம் அந்த அனுபவத்தைப் பற்றி ஒரு புத்தகமும் தொகுத்து வெளியிட்டார்.

அந்த முகாம்களில் நடந்ததைக் கவனியுங்கள். குடியானவன் மகனும் கல்லூரி மாணவனும் ஒரே வரிசையில் நின்று வெட்டினார்கள். பெண்களும் அதே வேலையைச் செய்தார்கள். வேலை நேரம் போக மீதி நேரத்தில் எழுத்தறியாத வாலிபர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கிராமத்திலிருந்து பெயரெழுதத் தெரியாமல் வந்த பலர், படிக்கத் தெரிந்துகொண்டு திரும்பினார்கள். அதாவது படித்தவன் கைக்கு மண்வெட்டி வந்தது. மண்வெட்டி பிடித்தவன் கைக்குப் புத்தகம் வந்தது. நமது நாட்டில் மனுதர்மம் எதைப் பிரித்து வைத்ததோ அதை அங்கே ஒரு மலையடிவாரத்தில் சேர்த்து வைத்தார்கள்.

தாயார் அவர்களே, தங்களுக்கு நமது முதல் பதில் இதுதான். தாங்கள் மண் சுமந்ததில் இழிவு மண்ணில் இல்லை, கூடையில் இல்லை. "நீ பிறந்த பிறப்புக்கு இதுதான் வேலை, உன் பிள்ளைக்கும் இதுதான் வேலை" என்று சொன்னார்களே, அதில்தான் இழிவு இருக்கிறது. எல்லோரும் முறைவைத்துத் தூக்கும் கூடை யாரையும் தாழ்த்துவதில்லை. ஒருவன் மாத்திரம் என்றைக்கும் தூக்க வேண்டும், மற்றவன் என்றைக்கும் தொடக்கூடாது என்றால் அங்கேதான் ஜாதி பிறக்கிறது.

ஆனால் நாம் ஒரு பக்கத்தை மாத்திரம் சொல்லிவிட்டுப் போவது பகுத்தறிவுக்கு அழகல்ல. அந்த யுகோஸ்லாவியா ஒரே கட்சி ஆட்சி செய்த தேசம். 2 லட்சம் பேரும் முழு மனதோடு வந்தவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். கட்சியின் நெருக்குதலும் இருந்தது. இன்னும் பெரிய சங்கதி ஒன்று உண்டு. எந்தச் சரயேவோவுக்கு மூன்று மதத்து வாலிபர்களும் சேர்ந்து தண்டவாளம் போட்டார்களோ, அதே நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்தது. 1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் நடந்த யுத்தத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகா என்ற ஊரில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சேர்ந்து மண் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் மத அடையாளத்தைப் பார்த்து ஒருவரையொருவர் சுட்டார்கள்.

ஆகவே இரண்டு மாதம் சேர்ந்து வேலை செய்துவிட்டால் ஜாதியும் மதமும் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை சேர்ந்தது, புத்தி சேரவில்லை. அவனவன் அடையாளத்தை மேலே மூடி வைத்தார்களேயொழிய, அதன் வேரை வெளியே எடுத்துப் போட்டு வெயிலில் காய வைக்கவில்லை. மண்ணை வெட்டிய மண்வெட்டி மூளைக்குள்ளும் வெட்டியிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதற்குத்தான் நமது இயக்கம் வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக்கு வந்து வேலை செய்த அந்நியர் கதையும் ஒன்றுண்டு. 1934 ஜனவரி 15ந் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பூகம்பம் உண்டாகிப் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்த தோழர் காந்தியார், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்று சொன்னார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்ற தாகூரே இந்தப் பேச்சைக் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று. பாவம் செய்தவனை விட்டுவிட்டு, தீண்டப்படாதவன் குடிசையையும் சேர்த்து இடிக்கும் கடவுளுக்கு நியாயம் தெரியுமா என்று நாமும் கேட்கிறோம்.

அதே வருஷத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து பியேர் செரெசோல் என்ற இஞ்சினீயர் பீகாருக்கு வந்தார். அவருடைய தகப்பனார் அந்தத் தேசத்தின் ஜனாதிபதியாக இருந்தவர். மகனோ யுத்த வரி கொடுக்க மறுத்துச் சிறை சென்றவர். 1920ல் பிரான்சில் வெர்டன் அருகே யுத்தத்தில் அழிந்த ஒரு கிராமத்தைக் கட்டுவதற்கு, பகைவர்களாயிருந்த தேசத்தார்களைச் சேர்த்து வேலை துவக்கியவர். அந்த ஊராரில் பலர் ஜெர்மானியர்களைப் பொறுக்காததால் அந்த வேலை சில மாதங்களில் நின்றது. அவர் விடவில்லை. 1928ல் லீக்டன்ஸ்டைன் என்ற சிறு நாட்டில் ரைன் நதி வெள்ளம் மூடிய நிலங்களைத் துப்புரவு செய்யப் பல தேசங்களிலிருந்து 700 பேருக்கு மேல் வந்தார்கள். அந்த அனுபவத்தோடு பீகாருக்கு வந்து, வெள்ளத்தில் முழுகும் கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில் இறங்கினார். பூமி ஏன் ஆடிற்று என்பதற்குப் பாவக் கணக்கு எழுதாமல், வீட்டை எங்கே கட்டினால் விழாது, முழுகாது என்று கணக்குப் போட்டார். எது தொண்டு என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, புறப்படும் தோழருக்குச் சில வார்த்தைகள். இன்று தொண்டு என்ற பெயரால் வியாபாரமும் நடக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு வாலிபர்களை ஏழை நாடுகளுக்கு அனுப்பி, அநாதைக் குழந்தைகளோடு படம் பிடித்துக்கொள்ளச் செய்து திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த வேலை வேண்டுமென்று அந்த ஊரார் கேட்டார்களா? நாம் இனாமாகச் செய்வதால் அந்த ஊர்க் கூலிக்காரன் பிழைப்புப் போகிறதா? பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறார்களா? ரொட்டியோடு மதத்தையும் ஊட்டுகிறார்களா? திருப்தியான பதில் கிடைத்தால் மண்வெட்டியை எடுங்கள். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டுங்கள். புண்ணியத்துக்காகச் செய்யாதீர்கள். புண்ணியம் தேடுகிறவனுக்கு ஏழை ஒரு படிக்கட்டு. ஏழை ஒழிந்துவிட்டால் அவனுக்கு மோட்சத்துக்கு வழியில்லை.

அந்தத் தாம்சன் ஊருக்குத் திரும்பிய பின் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1948 முதல் யார்க்‌ஷயர் பகுதியில், பகலெல்லாம் வேலை செய்த தொழிலாளிகள் முதலான வயது வந்தவர்களுக்கு மாலை வகுப்புகளில் பாடம் சொல்லும் ஆசிரியரானார். 1963ல் நெசவாளிகள், கைத்தொழிலாளிகள் முதலிய சாதாரண ஜனங்கள் தங்களைத் தாங்களே ஒரு வர்க்கமாக ஆக்கிக்கொண்ட சரித்திரத்தைப் பெரிய புத்தகமாக எழுதினார். ராஜாக்கள் கதையே சரித்திரம் என்றிருந்தவர்களுக்கு அது ஒரு பாடமாயிற்று.

நமது தோழரும் அப்படித் திரும்ப வேண்டும். அங்கே வெள்ளைக்காரனோடு கூடை தூக்கிவிட்டு, இங்கே வந்து காலணியைக்கூட ஆள் வைத்துத் துடைக்கச் சொன்னால், அவர் போன செலவு வீண். அடுத்த கோடையில் நமது ஊர் ஏரியில் தூர் எடுக்கும்போது, மேல்தெருப் பையன்களையும் சேரிப் பையன்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, தாமும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரே பானையில் தண்ணீர் குடிக்க வேண்டும். அன்றைக்குத் தாயார் அவர்கள் கரையில் உட்கார்ந்து அதைப் பார்க்கட்டும். தாங்கள் தனியாகச் சுமந்த கூடையை இன்று ஊரே சேர்ந்து சுமக்கிறதென்று கண்டால், தங்கள் கேள்விக்கு நாம் இங்கே பேசியதைவிட நல்ல பதில் கிடைத்துவிடும்.

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். தோழர் தம் கண்ணால் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் உள்ளபடி நமக்கு எழுதட்டும். அவருடைய பிரயாணம் சுகமாக இருக்கட்டும்.