விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட் சமுதாயத்திற்கு உதவுமா?

(ராணிப்பேட்டையில் கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்கல்வியில் புதுமை, தேர்ச்சி, ஆர்வம் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது. ஆனால் விஷயம் நம் தெருவிலேயே இருக்கிறது.

நம் பகுதியில் கல்லூரி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919லேயே வந்துவிட்டது. மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965லும், ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969லும் தொடங்கப்பட்டன. தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் அள்ளிக் கொடுத்ததால் வளர்ந்த கல்விப் பணி இது. அவர்கள் தம் கடமையைச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? 2006ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவர், முதுகலையில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம் என்றது. 2007ல் தமிழகத்தில் 3.5 சதவிகித இடஒதுக்கீடு கிடைத்தது. கதவு திறந்தது. உள்ளே போனவன் படிப்பை முடித்துவிட்டு வெளியே வருகிறானா? பட்டத்தோடு வருகிறானா, அறிவோடும் வருகிறானா? இதுதான் இன்றைய கேள்வி.

முதலாமாண்டில் இரண்டு அரியர். இரண்டாமாண்டில் ஐந்து அரியர். அதற்குள் வீட்டில் கடன். ஷூ கம்பெனியில் வாரக் கூலி கிடைக்கிறது, அல்லது மாமா துபாய்க்கு விசா அனுப்புகிறார். பையன் புத்தகத்தை மூடிவிடுகிறான். 'அவனுக்குப் படிப்பில் ஆர்வமில்லை' என்று நாமும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சகோதரர்களே, இந்தத் தீர்ப்பு சரியா? அதே பையன் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுகிறான். செல்போனை அக்கு அக்காகக் கழற்றி ரிப்பேர் செய்கிறான். ஆர்வம் இல்லாதவனா இதைச் செய்வான்? கல்லூரியில் படிப்பது எதற்குப் பயன்படும் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. காரணம் தெரியாத வேலையில் யாருக்கும் மனம் ஒட்டாது.

படிப்பை முடிப்பவர்கள் நிலையும் யோசிக்க வேண்டியதுதான். இறுதியாண்டில் ப்ராஜெக்ட் என்று ஒன்று உண்டு. மாணவன் தானாக ஒன்றைக் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காக வைத்தது. நடப்பது என்ன? பணத்தைக் கொடுத்தால் ப்ராஜெக்டைத் தயாராகக் கையில் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அட்டையில் பெயர் மட்டும் மாறுகிறது. எடையில் குறைத்தால் மோசடி என்கிறோம். அடுத்தவன் உழைப்பில் தன் பெயரைப் போட்டுக் கொள்வது மட்டும் ஹலாலாகிவிடுமா? அந்த மதிப்பெண் தேர்ச்சிதானா?

புதுமை என்றதும் நம்மில் சிலருக்குப் பயம் வருகிறது. பித்அத் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வந்த பயம் அது. மார்க்கத்தில் இல்லாத வணக்கத்தைப் புகுத்துவதுதான் பித்அத். உலகக் காரியத்தில் புது வழி தேடுவது பித்அத் அல்ல. பேரீச்ச மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்யும் விஷயத்தில், உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி முஸ்லிம் ஹதீஸ் நூலில் இருக்கிறது. ஆய்வுக்கு இதைவிட என்ன அனுமதி வேண்டும்?

நம் தோல் தொழிலையே பாருங்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, அரைகுறையாக முடித்த தோலைக் கப்பலேற்றிய காலம் ஒன்று இருந்தது. முடித்த தோலாகவும் பொருளாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று 1972ல் சீதாராமையா குழு சொன்னது. தொழில் அந்தத் திசையில் திரும்பியது. 1989ல் பெண்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்திற்கு ஜெர்மனி தடை போட்டது. 1994ல் சில அஸோ சாயங்களுக்குத் தடை வந்தது. தொழில் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். காப்பாற்றியது எது? 1948ல் சென்னை அடையாறில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வு. படித்தவன் கண்டுபிடித்த மாற்று வழியால் படிக்காத தொழிலாளியின் அடுப்பும் எரிந்தது.

ஆனால் தீராத கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. தோல் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதற்காக, 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2015 ஜனவரி 31ல் இதே ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். இதை மறந்துவிட்டு நாம் எந்தப் புதுமையைப் பேசுவது?

மாணவர்களே, உங்கள் ப்ராஜெக்ட் இங்கேதான் கிடக்கிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறோம். அந்த உப்பு கழுவிய நீரோடு வெளியேறுகிறது. உப்பைக் குறைப்பது எப்படி? சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் பதிலாக நொதிகளைக் கொண்டு முடியை நீக்குவது எப்படி? குரோமியத்தைத் திரும்ப எடுப்பது எப்படி? வேதியியல் மாணவன் இவற்றைப் படிக்கட்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தால் ஒரு தோலுக்கு எவ்வளவு செலவு கூடுகிறது என்று வணிகவியல் மாணவன் கணக்குப் போடட்டும். ஊர்க் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கம்ப்யூட்டர் மாணவன் வரைபடமாக்கட்டும். முதிய தொழிலாளர்களின் அனுபவங்களை வரலாற்று மாணவி எழுதி வைக்கட்டும். தன் வாப்பாவின் இருமலுக்கும் தன் பாடத்திற்கும் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தவனை யாரும் 'படி, படி' என்று விரட்ட வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கும் பொறுப்பு உண்டு. தொழிற்சாலை முதலாளிகளே, மாணவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிடுங்கள். குறையைக் கண்டுபிடிப்பானே என்று பயப்படாதீர்கள். இன்று மாணவன் காட்டும் குறையை நாளை நீதிமன்றம் காட்டினால் செலவு அதிகம். ஆசிரியர்களே, விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டைத் திருப்பி அனுப்புங்கள். தானே செய்து தோற்றவனுக்கு மதிப்பெண் கொடுங்கள். முயற்சியை மதிக்காத இடத்தில் துணிச்சல் வளராது.

ஜமாஅத்தார்களே, ஆய்வு மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022ல் நிறுத்திவிட்டது. அதை எதிர்த்துக் குரல் கொடுப்போம். அதோடு, ஒரு ஆடம்பரக் கல்யாணத்தின் பந்தல் செலவில் எத்தனை மாணவர்களின் அரியர் கட்டணத்தைக் கட்டலாம் என்றும் கணக்குப் பாருங்கள். மாலை நேரத்தில் சீனியர் மாணவர்கள் ஜூனியர்களுக்குப் பாடம் சொல்ல ஓர் இடம் கொடுங்கள்.

பெற்றோர்களே, பிளஸ் டூ தேர்வில் ஆண்டுதோறும் மாணவிகள்தான் முந்துகிறார்கள். அப்படிப்பட்ட மகள் மேலே படிக்கிறேன் என்கிறாள். நாம் மாப்பிள்ளை பார்க்கிறோம். மகன் வேண்டாம் என்கிறான். நாம் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறோம். மகளின் ஆர்வத்தை அணைத்துவிட்டு, மகனிடம் ஆர்வத்தைத் தேடுவது என்ன நியாயம்?

கட்டடம் கட்டிக் கொடுத்தவர்களின் கணக்கு அல்லாஹ்விடம் போய்விட்டது. அதற்குள் உட்கார்ந்து நாம் என்ன செய்தோம் என்ற கணக்குதான் மிச்சம். இந்த ஆண்டு ப்ராஜெக்டை விலைக்கு வாங்க மாட்டேன் என்று இங்கிருந்து பத்து மாணவர்கள் முடிவெடுத்துப் போனாலும் போதும், இந்தக் கூட்டத்திற்குப் பலன் கிடைத்துவிட்டது. பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!