உப்பளமும் பால்மரமும்
(சங்கக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாவலாசிரியை ராஜம் கிருஷ்ணன் அம்மையாரைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். உழைப்பவர் வாழ்வை எழுத விரும்பியபோது, அவர் உழைப்பவரிடமே சென்று கேட்டார். அதனாலேயே அவர் நமக்கு வேண்டியவர்.

அம்மையார் 1925ஆம் ஆண்டு முசிறியில் பிறந்தார். 15 வயதில் திருமணம். கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. கணவர் மின்துறைப் பொறியாளர். அவர் வேலையை ஒட்டி ஊர் ஊராகச் சென்ற அம்மையார் அங்கங்கே மக்களோடு பழகினார். நீலகிரிப் படுக மக்களிடையே கண்டறிந்தது 1963இல் ‘குறிஞ்சித் தேன்’ நாவலாயிற்று.

எழுத எடுத்துக்கொண்ட மக்கள் இருக்கும் இடத்துக்கே போவது, வேலையைக் கண்ணால் பார்ப்பது, பேச்சைக் காதால் கேட்பது, பிறகே பேனாவை எடுப்பது: இதுவே அவர் வழக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் அவ்வாறு பிறந்தது. கண்ணைக் கூசவைக்கும் வெயில், உப்பு அரித்த பாதம், பெண்களுக்கு மேலாட்கள் தரும் தொல்லை யாவும் அதில் உண்டு. மீனவருக்கும், வயற்கூலிகளுக்கும், சிவகாசித் தீப்பெட்டி வேலையில் வாடிய பிள்ளைகளுக்கும் தனித்தனி நாவல்கள் எழுதினார். உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது? பெண்ணின் பாட்டுக்கு ஏன் மதிப்பில்லை? 2014இல் மறையும்வரை அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப ஒலித்த கேள்விகள் இவை.

தோழர்களே! விடியுமுன் கொசுக்கடியில் நிரைக்குப் போவதும், மழை பெய்தால் மங்கிலுள்ள பாலோடு அன்றைய வரும்படியும் கரைந்துபோவதும் நமக்குத் தெரியும். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. உளி பிடித்த மூத்தவர்கள் குறைந்து வருகிறார்கள். இதையெல்லாம் எழுத ஒருவர் வருவார் என்று காத்திருக்கலாமா?

தொழிலாளர் சொல்லட்டும், செக்ரோல் எழுதிய கிராணிமார் கை அதை எழுதட்டும். எந்த டிவிஷன், எத்தனை மரம், எந்த ஆண்டு, என்ன கூலி என்று தவறின்றிக் குறிக்கட்டும். லயத்தைக் காலி செய்யச் சொல்லும் நாளில் வீடோ இழப்பீடோ கேட்க, அந்தக் குறிப்பே நமக்குச் சாட்சி. நாளை ஒரு பிள்ளை நாவல் எழுத அமர்ந்தால், அதற்கு விதையும் அதுவே.

இந்த மாதமே ஒவ்வொரு லயத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குவோம். மூத்தவர்கள் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.